தூண்டில் தடியில் ஒரு சிவப்புக் கோடு

இரண்டு வருடத்துக்கு முந்தின ஆனி மாதம். பாசையூர் அந்தோனியார் திருநாளுக்கென்று மனைவியின் தம்பி பிறிஸ்பேனிலிருந்து வந்து நின்றான். திருநாள் முடிந்த கிழமை, சனிக்கிழமை பின்னேரம், வழக்கம்போல நான் யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்துக்குத் தூண்டில் போடக் கிளம்ப, அவனும் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிக்கொண்டான். சோளகக் காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. நீர் வத்திக்கொண்டு பாலத்தின் கண்களுக்குள்ளால் இழுத்து ஓடியது. இருட்டுப்படும் நேரம் எனக்கு ஒரு கொடுவா கொளுவியது.

அந்த மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் கொடுவா. கரைக்கு இழுத்துக் கல்லில் போட்டதும், ரோச் வெளிச்சத்தில் அதன் கண் செம்பு நிறத்தில் மின்னியது. வீட்டில் அம்மா புளி கரைத்து வைத்திருப்பார் என்று மனம் கணக்குப் போட்டுவிட்டது. மச்சான் காற்சட்டைப் பொக்கற்றிலிருந்து தையற்காரர் வைத்திருப்பது போன்ற ஒரு ரேப்பை எடுத்தான். கல்லில் தண்ணீர் தெளித்து, மீனை நேராகக் கிடத்தி, வாயை மூடி, மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை பிடித்துப் பார்த்தான்.

"43 தான் இருக்கு. விடுங்கோ அத்தான்."

"ஏன் விடுறது? குஞ்சே இது?"

"எங்கட பக்கம் 58க்குக் கீழ எண்டால் விடவேணும்."

இது உங்கட பக்கம் இல்லை என்று சொல்ல வாய் வந்தது. அதற்குள் அவன் கையை நனைத்து, குறட்டால் தூண்டிலைக் கழற்றி, மீனை ஓட்டத்துக்கு எதிராகத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் செவுள் திறந்து மூடிக்கொண்டிருந்தது. பிறகு வாலால் ஒரு அடி. போய்விட்டது. வீடு வரும் வரைக்கும் நான் அவனுடன் ஒரு கதையும் கதைக்கவில்லை.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவனே தொடங்கினான். அவன் இருக்கும் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் கிழக்குக் கரையில் கொடுவாவுக்கு 58 சென்ரிமீற்றருக்குக் கீழ் எடுக்கக்கூடாது, 120க்கு மேலும் எடுக்கக்கூடாது. இடையில் உள்ளது மட்டும்தான் உனக்கு, அதுவும் ஆளுக்கு ஐந்து. நவம்பர் 1 நண்பகல் முதல் பெப்ரவரி 1 நண்பகல் வரை கொடுவாப் பக்கமே போகக்கூடாது. சின்னனை விடச் சொல்வது எனக்கு விளங்கியது. 120க்கு மேற்பட்டதை ஏன் விடுகிறார்கள்? வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கிற மீன் அல்லவா அது?

அவன் சொன்ன பதிலை நான் முதலில் நம்பவில்லை. பிறகு நானே தேடி வாசித்தேன். கொடுவா பிறந்து வளர்ந்து முதலில் ஆணாகத்தான் முதிர்கிறது. சில வருடம் ஆணாக இருந்துவிட்டு, ஆறேழு வயதளவில், 80 சென்ரிமீற்றரைத் தாண்டி வளர்கிற காலத்தில், பெண்ணாக மாறுகிறது. அப்படியென்றால் எங்கள் வாளிக்குள் போகிற நடுத்தரக் கொடுவாவெல்லாம் பெரும்பாலும் ஆண்கள். அவற்றை எல்லாம் 43இலும் 45இலும் எடுத்துக்கொண்டே போனால், அந்த நீரில் பெண் கொடுவா என்று ஒன்று வரவே வழியில்லை. மீறி ஒன்று இரண்டு தப்பி ஆளளவுக்கு வளர்ந்தால் அது தாய். ஒரே தடவையில் கோடிக்கணக்கில் முட்டை விடக்கூடிய தாய். அதைத்தான் நாங்கள் தோளில் போட்டுப் படம் எடுத்து முகநூலில் போட்டுக்கொண்டிருக்கிறோம். நானும் போட்டிருக்கிறேன். 2019இல் தொண்டைமானாற்றுப் பக்கம் பிடித்த ஒன்று. அந்தப் படத்துக்கு விழுந்த விருப்பக்குறிகள் இன்னும் அங்கே இருக்கின்றன. படத்தை நான் அழிக்கவில்லை, ஆனால் பார்க்கும்போது முந்தின சந்தோசம் வருவதில்லை.

58 என்பது குயின்ஸ்லாந்து தன் கடலைப் பார்த்து எழுதின கணக்கு. எங்கள் களப்புக்கு அது சரியாக வருமா என்று சொல்ல எனக்குப் படிப்பில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கடற்றொழில் கற்பிக்கும் துறையே இருக்கிறது, எங்கள் கடலுக்குரிய அளவை அங்கிருந்து ஒருவர் சொன்னால் அதைத் தலைமேல் வைத்துக்கொள்வேன். அதுவரைக்கும் ஒரு கணக்கும் இல்லாமல் இருப்பதைவிட இரவல் கணக்கு மேல் என்று நினைத்தேன். மகளின் சிவப்புக் கியூட்டெக்ஸை எடுத்து, தூண்டில் தடியில் அடியிலிருந்து 58 சென்ரிமீற்றரில் ஒரு கோடு கீறினேன். அந்தக் கோடு இன்றைக்கும் இருக்கிறது. இரண்டு தரம் திரும்பப் பூசியாயிற்று.

இதை எழுத உட்கார்ந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் மீன்பிடிக் கட்டுப்பாடு என்று யாராவது வாயைத் திறந்தால் உடனே கதை எல்லைதாண்டி வரும் இந்திய இழுவைப்படகுகளுக்குப் போய்விடும். போகத்தான் வேண்டும். அந்த வலி உண்மை. ஆனால் பாலத்தில் நின்று பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிற எங்கள் வாளிக்குள் என்ன இருக்கிறது என்று நாங்கள் ஒருவரும் கேட்பதில்லை. பதினைந்து வருடத்தில் என் வாளியை ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை. நானும் மற்றவனின் வாளியை எட்டிப் பார்த்ததில்லை. பார்க்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

கட்டுப்பாடு என்ற சொல்லே எங்கள் காதில் வேறு மாதிரி விழுகிறது, அதையும் மறைக்கக்கூடாது. போர்க்காலத்தில் கடலுக்குப் போக பாஸ் வேண்டும், இரவில் போகவே தடை. என் அம்மாவின் ஊர் குருநகர். மாமாமார் மூன்று பேரும் தொழிலுக்குப் போனவர்கள். கரையில் வரிசையில் நின்று பெயரைப் பதிந்து, சொன்ன நேரத்துக்குள் திரும்பி வந்து, பெயரை வெட்டுவித்துக்கொண்டு வீட்டுக்கு வந்த மனிதர்கள். நேரம் பிந்தினால் கரையில் நின்று அம்மம்மா அழுத அழுகை எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. மீனுக்காக ஒருவரும் அந்தக் கட்டுப்பாட்டைப் போடவில்லை. மனிதரை அடைப்பதற்காகப் போட்டார்கள். அப்படிப்பட்ட கரையில் போய், இனி இத்தனைதான் பிடிக்கலாம், இந்த நேரம் பிடிக்கக்கூடாது என்று சொன்னால், அந்தச் சனத்துக்கு முதலில் ஞாபகம் வருவது மீனா, துவக்கா?

ஆனால் அதற்கும் முந்தி இங்கே அளவு இருந்தது. கரைவலைக்குப் பாடு என்று ஆளுக்கு ஒதுக்கின கரைத்துண்டு இருந்தது. ஒருவரின் பாட்டுக்குள் இன்னொருவர் வலை வளைக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை நாள், தொழில் இல்லை என்று அம்மம்மா சொல்லுவா. அந்த ஒரு நாள் மீனுக்கும் ஓய்வுதான். இதையெல்லாம் ஒரு அதிகாரி வந்து எழுதி ஒட்டவில்லை. ஊர் ஊருக்குள்ளேயே வைத்துக்கொண்டது. அந்த மாதிரி ஒரு அளவைத்தான் நான் கேட்கிறேன்.

கொடுவாவுக்கு அடுத்தபடி நண்டு. யாழ்ப்பாணத்து நண்டுக் கறியைப் பற்றிப் பெருமை பேசாத ஆள் இல்லை. சந்தையில் நீலக்கால் நண்டு குவித்திருக்கிற இடத்தில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். வயிற்றில் ஒரு மடிப்பு மூடி இருக்கும். ஒடுங்கிக் கூராக இருந்தால் ஆண், அகன்று வட்டமாக இருந்தால் பெண். சிலவற்றில் அந்த மூடி மூட முடியாமல் வெளியே தள்ளிக்கொண்டு, கடற்பஞ்சு மாதிரி ஒரு கட்டி தெரியும். மஞ்சளாக, செம்மஞ்சளாக இருந்தால் முட்டை புதிது. சாம்பலும் கறுப்புமாக இருந்தால் இன்றைக்கோ நாளைக்கோ பொரிக்கப் போகிறது. கண்ணுக்கு மணல் மாதிரித் தெரிகிற அந்தக் கட்டிக்குள் இருப்பது இலட்சக்கணக்கான குஞ்சு. மச்சானின் ஊரில் பெண் நண்டை எடுப்பதே தடை, முட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும். இங்கே பாலத்தடியில் கூடு வைக்கிற எங்கள் ஆட்கள் முட்டை நண்டைத்தான் தனியாக எடுத்து வைப்பார்கள், ருசி என்று. நானும் விரும்பித் தின்றவன். சிங்கி இறாலில் முட்டையோடு இருப்பதை எடுக்கக்கூடாது என்று இலங்கைச் சட்டமே சொல்கிறது. அது கன பேருக்குத் தெரியும், ஏனென்றால் ஏற்றுமதிக்காரர் அதை வாங்க மாட்டார். வாங்க ஆளில்லாத பொருளை யாரும் கஷ்டப்பட்டுப் பிடிக்கமாட்டான்.

இந்த விசயம் எனக்கு முழுதாக உறைத்தது ஒரு விளைமீனால்.

போன வருடம் மாசி மாதம். சந்தையில் நல்ல பளபளப்பான விளைமீன், ஒவ்வொன்றும் ஒரு கிலோவுக்குக் கிட்ட. செவுள் சிவப்பாக இருந்தது. வாங்கி வந்து அம்மாவிடம் கொடுத்தேன். அம்மாவுக்கு எழுபத்தொரு வயது, இன்னும் அருவாளில்தான் மீன் வெட்டுவார். வயிற்றைக் கீறியவர் அப்படியே கையை நிறுத்திவிட்டார். "தம்பி, இஞ்ச வா." உள்ளே இரத்தம் கட்டிக் கிடந்தது. வெள்ளையாக, ஊதினமாதிரி இருக்க வேண்டிய காற்றுப்பை கிழிந்து தோலாகத் தொங்கியது. அம்மா பெருவிரலால் முதுகெலும்பை ஒரு இடத்தில் அமத்த, அது சதையிலிருந்து தனியே கழன்று வந்தது. எலும்பைச் சுற்றிக் கறுத்த இரத்தம். மீனைத் தூக்கிப் பிடித்தார், நடுவில் முறிந்து துணி மாதிரித் தொங்கியது.

"இது வெடி மீன். கொண்டுபோய்க் குடு."

"அம்மா, காசு குடுத்து வாங்கினது. அவர் திருப்பித் தரமாட்டார்."

"காசு கேக்காத. மீனைக் குடுத்துப்போட்டு வா. எங்கட வீட்டு அடுப்பில இது ஏறாது."

அம்மா அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணர் ஒருவருக்கு வலது கையில் மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றும் இல்லை. இளமையில் வெடி எறியப் போனவர். திரி கையிலேயே பிடித்துவிட்டது. வெடி ஒரு தரம் விழுந்தால் பெரியது சின்னது, தின்பது தின்னாதது என்று பார்க்காது. மிதந்து வருவதைத்தான் அள்ளுகிறார்கள். அடியில் தாழ்ந்து போவதை யாரும் எண்ணுவதில்லை. கடலடிப் பாறையான பாரும் நொறுங்கும், குஞ்சு ஒதுங்கும் சாதாளை என்ற கடற்புல்லும் சிதறும்.

நான் மீனைச் சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு சந்தைக்குத் திரும்பப் போனேன். விற்றவர் வயதில் மூத்தவர், பழக்கமானவர். பையைத் திறந்து எலும்பைக் காட்டினேன். அவர் பக்கத்துக் கடைக்காரரை ஒரு தரம் பார்த்துவிட்டு, "நான் விடியக் காலமை ஏலத்தில எடுத்தது தம்பி, உள்ளுக்க எப்பிடிப் பாக்கிறது?" என்றார். கேள்வி நியாயமானது. சத்தம் போடாமல், காசும் கேட்காமல் வந்துவிட்டேன். அடுத்த கிழமை போனபோது அவர் ஒரு விளைமீனை எடுத்து என் கையில் வைத்து, "தூக்கிப் பாருங்கோ, விறைப்பா நிக்குது" என்றார். அது போதும் எனக்கு.

1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டம் வெடிக்கும் நஞ்சுக்கும் தடை போட்டிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். கன பேருக்குத் தெரியாதது, அப்படிப் பிடித்த மீன் என்று அறிந்தும் அதை வாங்குவதும், விற்பதும், ஏற்றிப் போவதும்கூட அதே சட்டத்தில் குற்றம் என்பது. கடல் பரந்தது. இரவில், காற்றில், ஒரு ரோந்துப் படகு எத்தனை இடத்துக்குப் போகும்? ஆனால் திருட்டு மீன் எங்கே பிடிபட்டாலும் கடைசியில் ஒரு கரைக்கு வரத்தான் வேண்டும். ஐஸ் வேண்டும், றெஜிபோம் பெட்டி வேண்டும், விடிவதற்கு முன் ஒரு லொறி வேண்டும், வாங்க ஒருவர் வேண்டும். குயின்ஸ்லாந்திலும் பரிசோதகர்கள் படகு இறக்கி ஏற்றுகிற இறங்குதுறையில் காத்து நின்றே கன பேரைப் பிடிக்கிறார்கள் என்று மச்சான் சொன்னான். வாளியைத் திற, ரேப்பை வை, அவ்வளவுதான். யாராவது களவாகப் பிடிப்பதைக் கண்டால் சொல்வதற்கென்று அங்கே ஒரு இலவசத் தொலைபேசி எண்ணும் இருக்கிறது. சொல்பவர் பெரும்பாலும் தூண்டில்காரர். தண்ணீரோடு நேரம் கெட்ட நேரத்தில் விழித்திருப்பவர்கள் அவர்கள்தானே.

அந்தத் தைரியத்தில் நானும் ஒரு தரம் அறிவித்துப் பார்த்தேன். பாலத்தின் ஒரு கண்ணுக்குக் குறுக்கே இரண்டு பேர் தங்கூசி வலையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒற்றை நைலோன் இழையால் பின்னின தங்கூசி வலை தடைசெய்யப்பட்ட வலை. அறுந்து போனாலும் அது உக்காது, தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்து வருடக்கணக்கில் மீனையும் நண்டையும் கொன்றுகொண்டிருக்கும். அதிலும் பாலத்தின் கண்ணில் கட்டுவது என்பது வீட்டு வாசலில் நின்று ஆட்களைப் பிடிப்பது மாதிரி. நீரோடு ஏறி இறங்குகிற திரளி, ஓரா, இறால் எல்லாம் அந்த வழியால்தான் போக வேண்டும். ஒரு அலுவலகத்துக்கு அழைத்தேன். எடுத்தவர் என் பெயரையும் இடத்தையும் கேட்டுவிட்டு, காலையில் வந்து எழுத்தில் தரச் சொன்னார். காலையில் நான் போகவில்லை. கடை திறக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் பெயர் அந்தக் கடதாசியில் இருப்பது எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டு மூன்று நாள் மனம் கேட்காமல், தெரிந்த ஒருவர் மூலமாகப் பக்கத்துக் கடற்தொழிலாளர் சங்கத் தலைவரைப் போய்ப் பார்த்தேன். வலை பொத்திக்கொண்டே கேட்டார். முழுவதையும் சொல்லி முடிக்கும் வரை நிமிரவில்லை. பிறகு சொன்னது இதுதான்:

"தம்பி, வலை கட்டினவங்களை எனக்குத் தெரியும், நான் கதைக்கிறன். ஆனா ஒண்டு கேக்கிறன், குறை நினையாதேங்கோ. உங்கட ஆக்கள் சனி ஞாயிறில பாலத்தில இருந்து எடுத்துக்கொண்டு போறதை நாங்களும் பாக்கிறம். விரலளவு பாரைக்குஞ்சையும் விடுறேல்ல. ரெண்டு பேர் சாப்பாட்டுக்கடைக்குக் கொண்டுபோய் விக்கிறதும் தெரியும். நாங்கள் வயித்துக்குப் பிடிக்கிறம். நீங்கள் ஏன் பிடிக்கிறியள்?"

எனக்கு அந்த இடத்தில் பதில் வரவில்லை. அவர் கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் கூடச் சுட்டது. நாங்கள் தடியும் ரீலும் வைத்திருப்பவர்கள், தொழில்காரர் வேறு, திருடர் வேறு என்று நான் பிரித்து வைத்திருந்த கோடு அவருடைய கண்ணில் இல்லை. கரையில் நிற்கிற அவருக்கு மீன் தண்ணீரை விட்டுப் போகிறது, அவ்வளவுதான். பொழுதுபோக்குக்குப் பிடித்ததை விற்பவனுக்குத் திருட்டு மீன்பிடியைப் பற்றிப் பேச என்ன உரிமை?

இழுவைப்படகுக் கதைக்கும் இது பொருந்துகிறது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 தொடக்கம் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் எங்கள் கரையில் இரவில் வலையைப் போட்டுவிட்டுக் கண்ணயரலாம் என்பார்கள் மாமாமார். மற்ற மாதங்களில் அக்கரை இழுவைப்படகுகள் வருகிற திங்கள், புதன், சனி இரவென்றால் நெஞ்சிடிதான். இழுவைமடி எங்கள் ஆட்களின் வலையைப் பிய்த்துக்கொண்டு போகும், கடன் மட்டும் மிஞ்சும். இலங்கை 2017இல் இழுவைமடிக்கு முழுத் தடை கொண்டுவந்தது. அப்போது யாழ்ப்பாணத்து நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ம. ஆ. சுமந்திரன் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலத்தில் தொடங்கிய சட்டம் அது. மீறினால் இரண்டு வருடம் வரை சிறை, 50,000 ரூபாய் தண்டம். 2018இல் வெளிநாட்டுப் படகுகளுக்கான தண்டம் 17.5 கோடி ரூபாய் வரை உயர்ந்தது. 2017 சட்டத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிவது, அது அக்கரைக்காரரை மட்டும் பார்த்து எழுதப்படவில்லை என்பது. குருநகரிலும் வல்வெட்டித்துறையிலும் எங்கள் ஆட்களிடமும் இழுவைப்படகு இருந்தது. என் தாய்வழிச் சொந்தத்திலேயே அதில் போனவர்கள் உண்டு. உன் படகையும் நிறுத்து என்று சொல்லித்தான் அந்தச் சட்டம் வந்தது. கஷ்டப்பட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். ஆனாலும் அதற்குப் பிறகுதான் அக்கரையைப் பார்த்து விரலை நீட்ட எங்களுக்கு முழு நியாயம் கிடைத்தது என்று நினைக்கிறேன்.

சங்கத் தலைவரின் கேள்வியை அப்படியே பாலத்துக்குக் கொண்டுபோனேன். நிரந்தரமாக வருகிறவர்கள் நாங்கள் ஒன்பது பேர். ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது, அதில் அதுவரை மீன் படமும் காலை வணக்கமும்தான். ஆளுக்கு ஐந்து மீன், கொடுவா கோட்டுக்குக் கீழே இருந்தால் விடுவது, முட்டை நண்டை விடுவது, ஒரு மீனும் விற்பதில்லை என்று போட்டேன். இரண்டு பேர் உடனே குழுவை விட்டுப் போனார்கள். யார் என்று எனக்குத் தெரியும், எந்தச் சாப்பாட்டுக்கடை என்றும் தெரியும். அவர்களுடன் சண்டை பிடிக்கவில்லை. பாலத்தில் காணும்போது கதைப்பேன், மீனைப் பற்றிக் கதைப்பதில்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வேறு விதமாக மறுத்தார். "கொளுவினதை விடுறது பாவமடா தம்பி. வாய் கிழிஞ்சது தப்புமே? அதைவிட எடுத்துச் சமைச்சால் சாவுக்கு ஒரு அர்த்தம் இருக்கு." இதை அவர் வாதத்துக்காகச் சொல்லவில்லை, மனதார நம்பினார். அவர் சொன்னதில் பாதி சரி. வயிற்றுவரை விழுங்கின தூண்டிலை இழுத்துப் பிடுங்கினால் அந்த மீன் சாகும். அப்படி விழுங்கியிருந்தால் பிடுங்கக்கூடாது, வாய்க்குக் கிட்ட வைத்துத் தங்கூசியை அறுத்துவிட வேண்டும். காய்ந்த கையால் பிடித்தால் வழுவழுப்பு உரிந்து புண் வரும், கையை நனைக்க வேண்டும். தூண்டிலின் முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டால் கழற்றுவது ஒரு நொடி. வட்டத் தூண்டில் போட்டால் பெரும்பாலும் வாய் ஓரத்தில்தான் கொளுவும். வாத்தியாரின் தூண்டில் பெட்டியைத் திறந்து, அவர் பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொன்றாக முள்ளை நசுக்கிக் கொடுத்தேன். முப்பத்திரண்டு தூண்டில். இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை அவர். ஆனால் ஐந்து பிடித்ததும் தடியை மடக்கிவிட்டு எங்களுடன் கதைத்துக்கொண்டிருக்கிறார். அவர் சொல்லுகிற பழைய மண்டைதீவுக் கதைகளை மீன் கடித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

ஒரு இடத்தில் மட்டும் நான் ரேப்பை நீட்டுவதில்லை. பாலத்தின் அந்தத் தொங்கலில் ஒரு மனிதர் சைக்கிளில் வருவார். தடி கிடையாது, போத்தலில் சுற்றிய தங்கூசி, ஒரு ஈயக்குண்டு, கூனி கொஞ்சம். ஆறேழு மீன் பட்டதும், அது திரளியோ கிளாத்தியோ, ஓலைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். அன்றைய கறி அது. என் தடியின் விலைக்கு அவர் வீட்டுக்கு மாதக்கணக்கில் மீன் வாங்கலாம். அவரிடம் போய் ஐந்து என்று சொல்ல எனக்கு வாய் வராது, வரவும் கூடாது. குழுவில் ஒருவர், சட்டம் என்றால் எல்லோருக்கும் ஒன்று என்றார். தேவைக்கு மேலே எடுக்கிறவனுக்குத்தான் அளவு வேண்டும். அந்த மனிதர் தன் அளவைத் தானே வைத்திருக்கிறார், எங்களைவிடக் குறைவாக.

பங்குனியில் சங்கத் தலைவரைத் திரும்பப் பார்க்கப் போனேன். ஒன்பது ஏழாகிவிட்டதையும், நாங்கள் ஒத்துக்கொண்டதையும் சொன்னேன். பாலத்தின் கண்ணில் யாராவது வலை கட்டினால் எந்த இரவென்றாலும் தனக்கு அழைக்கச் சொல்லித் தன் எண்ணைத் தந்தார். இதுவரை மூன்று தரம் அழைத்திருக்கிறேன். இரண்டு தரம் அவருடைய ஆட்கள் வந்து வலையை அவிழ்ப்பித்தார்கள், ஒரு தரம் வர முந்தியே வலை கட்டினவர்கள் போய்விட்டார்கள். இந்த முறை எழுத்திலும் கொடுத்தோம், சங்கத்தின் கடிதத் தலைப்பில், ஏழு தூண்டில்காரரின் கையெழுத்தோடு. என் பெயர் முதலாவதாக இருக்கிறது.

போன கிழமை அவர் என்னை அழைத்தார். "தம்பி, அந்தச் சிவப்புக் கோட்டுக் கதையைப் பொடியங்கள் சொன்னாங்கள். நண்டுக்கு அங்க என்ன அளவாம்? உங்கட மச்சானிட்டக் கேட்டுச் சொல்லுங்கோ." பிறிஸ்பேனுக்கு எடுத்துக் கேட்டேன். நீலக்கால் நண்டு என்றால் ஓட்டின் இரு பக்கத்துப் பெரிய முள்ளுக்கு முன்னால் இருக்கும் வெட்டிலிருந்து வெட்டுக்கு 11.5 சென்ரிமீற்றர். அது அந்தக் கடலின் கணக்கு என்று சொன்னேன். "தெரியும். முதல்ல ரெண்டு மாதம் அளந்து மட்டும் பாப்பம், எத்தினை கீழ விழுது எண்டு. பிறகு கம்பஸ் ஆக்களிட்டக் கேப்பம். கரையில ஆளுக்கு ஒண்டு வேணும், நனைஞ்சாலும் உக்காததாப் பார்த்துச் செய்து தாறியளே?"

கடையில் பழைய பைபர் தகடு கிடந்தது. நடுவில் 11.5 சென்ரிமீற்றர் வாய் வைத்து, கவட்டை மாதிரி, பன்னிரண்டு துண்டு அறுத்திருக்கிறேன். விளிம்பு கையை வெட்டாமல் இருக்க இன்றைக்குத்தான் உரைஞ்சு முடித்தேன். கியூட்டெக்ஸும் வாங்கி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை விடிய நாலு மணிக்கு, நண்டு வலை கரைக்கு வரும் நேரம், கொண்டுபோகிறேன்.